மேலே எப்படி இருக்கு?

எங்கள் அய்யனோடு நான் முதன்முதலாக வெள்ளியங்கிரி ஏறியது 1966-இல். எனக்கு 14 வயது. பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி எடுத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் நடக்கத் தொடங்கினோம். இரண்டாவது மலையிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எதிரே இறங்கி வந்த ஒருவரிடம், "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டேன். "தோ வந்திருச்சு சாமி, இன்னும் ஒரே மலைதான்" என்றார். மூன்றாவது மலையில் வேறொருவரைக் கேட்டேன். ஒரே மலைதான். ஐந்தாவதில் கேட்டபோதும் அதே ஒரே மலை. தடியை வீசிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அய்யன் பக்கத்தில் அமர்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "எறங்கறவனுக்கு எல்லாமே பக்கந்தாண்டா."

இப்போது எனக்கு 73. நானும் இறங்குகிறவன்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் 28 வருஷம் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். மகள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரத்தில். 2012-இல் நானும் என் வீட்டம்மாவும் அவளோடு வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் ஒரு வேடிக்கை. மில்லை விட்டுத் தப்பித்தோம் என்று வந்தால், ஆற்றங்கரை நெடுகச் செங்கல் மில் கட்டடங்கள்! இந்த ஊரே பஞ்சு மில்லால் வளர்ந்த ஊராம். பக்கத்து மான்செஸ்டரில் இருந்த அமோஸ்கெக் ஆலை ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய துணி ஆலைகளில் ஒன்று. 1930-களில் அதுவும் மூடிவிட்டது. இப்போது அந்தக் கட்டடங்களில் ஆபீஸும் குடியிருப்பும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல்களை எண்ணிப் பார்ப்பேன். ஸ்பின்னிங் எந்த மாடியில் இருந்திருக்கும் என்று மனசு கணக்குப் போடும். அந்தப் பழக்கம் போகவில்லை.

நாஷுவாவிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் மொனாட்நாக் மலை. உயரம் 965 மீட்டர். எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தால் 'கரடு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பேர் பெரிய பேர். அபெனாக்கி பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த சொல் அது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து இறங்கிவிட, தேயாமல் தனியே நிற்கும் மலைக்கு உலகம் பூராவும் புவியியல் பாடத்தில் 'மொனாட்நாக்' என்றே பெயர். வில்லியம் மோரிஸ் டேவிஸ் என்ற அறிஞர் இந்த மலையை வைத்துத்தான் அந்தச் சொல்லைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார். எழுத்தாளர் தோரோ 1844-க்கும் 1860-க்கும் இடையில் நாலு தடவை இங்கே வந்திருக்கிறார். நான் அவரை முந்திவிட்டேன், இதுவரை 14 தடவை. படித்தவர்களை இப்படி ஏதாவது ஒன்றிலாவது முந்த வேண்டாமா?

உலகத்தில் மிக அதிகம் பேர் ஏறும் மலைகளில் இதுவும் ஒன்று என்பார்கள். பாஸ்டன் நகரம் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அக்டோபரில் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டி நீண்ட விடுமுறை வரும். மரமெல்லாம் சிவந்து நிற்கும் நேரம். அன்றைக்கு மலைப்பாதை தைப்பூசத்துப் பழனி மாதிரி இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, துணிச் செருப்பு போட்டுக்கொண்டு, கையில் ஒரு காபிக் கோப்பையோடு ஏறுவார்கள். சின்ன மலை என்ற நினைப்பு. 'ஒயிட் டாட்' பாதையில் ஏற்றம் மூன்று கிலோமீட்டர்தான். அந்த மூன்று கிலோமீட்டருக்குள் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம் என்பது அகலமாய்ச் சாதுவாய்ப் போகும் முதல் ஒரு கிலோமீட்டரில் யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் பாதை என்பது பாறைமேல் பாறை. இரண்டு கையையும் ஊன்ற வேண்டிய இடங்கள் உண்டு.

ஐப்பசி என்றால் நமக்கு அடைமழை. இங்கே அந்த மாதம் இலை கொட்டும். பகல் குறையக் குறைய, இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் தக்கை மாதிரி ஓர் அடுக்கு வளர்ந்து தண்ணீர் வழியை அடைத்துவிடுகிறது. பச்சை சிதைகிறது. அடியில் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் புதிதாக ஊறுவது. படம் எடுப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிற காலம் அது. எனக்கு அப்போது கண்ணெல்லாம் தரையில்தான்.

ஏனென்றால் அந்த இலை கீழே விழுந்தபின் மலை வேறு மலையாகிவிடுகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குச் சந்து இருக்கும். இலை அதை மட்டமாக நிரப்பி, வா வா என்று கூப்பிடும். கால் வைத்தால் உள்ளே போகும். வேர்கள் தெரியாது. ஓக் மரத்துக் கொட்டைகள் இலைக்கடியில் பால்ரஸ் குண்டு மாதிரி உருளும். மழை பெய்திருந்தால் ஈர இலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டுபோல வழுக்கும். காய்ந்த இலையும் சாய்ந்த பாறையில் அப்படித்தான், ஆனால் அதை யாரும் நம்புவதில்லை. எல்லாவற்றையும்விட மோசம், பாதையே மறைந்துபோவது. ஆயிரம் பேர் நடந்து தேய்ந்த தடம் ஒரே காற்றில் மூடிவிடும். காடு முழுக்கப் பாதை மாதிரியே தெரியும். அப்போது மரத்திலும் பாறையிலும் அடித்திருக்கும் வெள்ளைப் புள்ளிதான் துணை. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி கண்ணில் படாமல் நான் அடி எடுத்து வைப்பதில்லை.

வெள்ளியங்கிரித் தடி இங்கே உதவும். இவர்கள் அலுமினியத் தடி வைத்திருக்கிறார்கள், மடக்கலாம், நீட்டலாம். வசதிதான். ஆனால் மூங்கில் சொல்லும் சத்தத்தை அது சொல்லாது. இலைமேல் தட்டினால் அடியில் கல்லா, வேரா, வெறும் பள்ளமா என்று மூங்கில் உள்ளங்கைக்குத் தெரியப்படுத்திவிடும். மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு மூங்கில் கழி வாங்கி வந்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் போவதை ரேஞ்சர் ஒருவர் ரசித்துப் பார்த்தார்.

உடுப்பு விஷயத்தில்தான் எனக்கு மனக்கசப்பு. 'பருத்தி ஆளைக் கொல்லும்' என்று இங்குள்ள மலையேறிகள் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். பருத்தியில் சோறு தின்றவன் காதில் அது எப்படி விழும்? முதல் வருஷம் வீம்புக்காகவே காட்டன் சட்டை, காட்டன் பனியன் போட்டுப் போனேன். ஏறும்போது வேர்வை. உச்சியில் காற்று. பத்து நிமிஷத்தில் பல் கிட்டியது. யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த கணக்குதான். நூலை எடை போடும்போது பருத்திக்கு 8.5 சதவீதம் ஈரத்தைச் சேர்த்துத்தான் கணக்கு. பாலியெஸ்டருக்கு அது 0.4. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வதுதான் பருத்தியின் குணம். கோவை வெயிலில் அது வரம். 5 டிகிரிக் காற்றில் ஈரப் பனியன் என்பது உடம்பில் கட்டிய ஐஸ் மூட்டை. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் மேலே போகப்போகக் குளிர் கூடும். அடிவாரத்தில் இதமாக இருந்தாலும் உச்சியில் மூன்று டிகிரிக்கு மேல் குறையும், காற்று தனி. 28 வருஷம் இந்த எண்களோடு வாழ்ந்தவன், சொந்த முதுகுக்கு வந்தபோது மறந்துவிட்டேன். இப்போது கம்பளி பனியன்தான். பருத்தியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

இதெல்லாம் கருவி சமாசாரம், யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

2015 அக்டோபர் கடைசி. நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டரை மணி இருக்கும். செங்குத்துப் பாறைப் பகுதியில் ஒரு சின்னப் பையனும் பெண்ணும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயசு. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். உண்மையில் அவர்கள் நடந்த வேகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அவள் முகத்தைப் பார்த்தேன். சோர்ந்துபோவாளே என்று இருந்தது. "பக்கத்தில் வந்துவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். சிரித்தாள். ஏறினார்கள். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் நான் இறங்கினேன்.

அன்றைக்கு எங்கள் கார் கிளம்பவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது. உதவிக்கு ஆள் வந்து சேர இருட்டிவிட்டது. அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே. ஏழு மணி தாண்டி மரங்களுக்கிடையில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. யாரோ ஒரு பெரியவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு முன்னால் வர, பின்னால் அந்தப் பையன், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி அந்தப் பெண். அழுது ஓய்ந்த முகம். போன் சார்ஜ் தீர்ந்துபோய், இலையில் தடம் தவறி, ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். என்னைக் கடக்கும்போது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விநாடி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அய்யன் சொன்ன வார்த்தை எனக்கு 49 வருஷம் கழித்து அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. நான் சொன்னது கருணை என்று நினைத்திருந்தேன். அவர்கள் கேட்டது தூரத்தை. தூரத்தை வைத்துத்தான் திரும்பலாமா போகலாமா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை நான் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். 'வந்துவிட்டது, வந்துவிட்டது' என்று சொல்கிற பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், இந்த ஒரு பரீட்சை முடிந்தால் வாழ்க்கை பூராவும் நிம்மதி. எல்லாம் ஒரே மலைதான்.

அதற்குப்பிறகு யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதென்று வைத்துக்கொண்டேன். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது 2019.

நவம்பர் முதல் வாரம். காலை பத்து மணிக்கு, ஃபால்கன் ஸ்பிரிங் என்ற ஊற்றுக்குப் பக்கத்தில், இறங்கி வந்த ஒரு அம்மாளிடம் நான் கேட்டேன்: மேலே எப்படி இருக்கிறது? பாறையெல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது என்றார். பொய் சொல்லவில்லை. நான் மெல்ல ஏறி உச்சியைத் தொட்டபோது மணி ஒன்று ஆகப்போகிறது. ஒரு மேகம் வந்து கால்மணி நேரம் தூறிவிட்டுப் போனது. பெரிதாக ஒன்றுமில்லை, சட்டைகூட நனையவில்லை. ஆனால் அந்தப் பாறைகளில் படர்ந்திருக்கும் கற்பாசி ஈரம் பட்டால் சோப்பு. என் தலைக்குள் மட்டும் பத்து மணிச் செய்தியே ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்து கிடக்கிறது, காய்ந்து கிடக்கிறது என்று கால் வைத்தேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. தெரியாத இரண்டு பேர் ஒரு மப்ளரால் கையைக் கழுத்தோடு கட்டி, பைகளைச் சுமந்து, அடிவாரம்வரை கூடவே வந்தார்கள். இன்றுவரை அவர்கள் பேர் தெரியாது.

சொன்னவரும் உண்மை சொன்னார், கேட்டவனும் நம்பிக் கேட்டான். அப்புறம் ஏன் விழுந்தேன் என்று மாவுக்கட்டோடு ரொம்ப நாள் யோசித்தேன். விடையை எனக்குச் சொன்னது என் பேத்தி, இந்த வருஷம்.

பேத்திக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு வேலைநாளாகப் பார்த்து, "அப்புச்சி, மலைக்குப் போலாமா?" என்றாள். ஏதோ பேச வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். வீட்டம்மாவும் கூட வந்தார். அவர் ஏறுவதில்லை, அடிவாரத்துப் பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிளாஸ்க்கில் சுக்குக்காபி.

பூங்கா வாசலில் அன்றைய நிலவரம் எழுதியிருந்தது: உச்சியில் காற்று, நிழல் பாறைகளில் மெல்லிய ஐஸ் இருக்கலாம். எட்டரைக்கு நடக்க ஆரம்பித்தோம். மேப்பிளெல்லாம் கொட்டி முடிந்து, பீச் மரங்கள் மட்டும் வெளுத்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த இலை குளிர்காலம் பூராவும் கிளையிலேயே சலசலத்துக் கிடக்கும்.

ஊற்றைத் தாண்டியதும் ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஜியாலஜிக்கு மாறலாமா என்று யோசிக்கிறாளாம். அம்மா வேண்டாம் என்கிறாளாம். "நீங்க என்ன சொல்றீங்க அப்புச்சி?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது: 'கண்ணு, கம்ப்யூட்டர் கைவிடாது.' சொல்லாமல் நிறுத்தினேன். அந்த 'கைவிடாது' என்ற வார்த்தையை நான் முன்பும் ஒருதரம் சொல்லியிருக்கிறேன்.

என் தம்பி மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். 1996-இல் எங்கள் மில்லில் ஆள் எடுத்தார்கள். படிப்பைத் தொடரட்டுமா, வேலையில் சேரட்டுமா என்று என்னிடம் வந்து நின்றான். "சேர்ந்துக்கோ. மில் வேலை கைவிடாது" என்றேன். பொய்யில்லை. நான் சேர்ந்த 1973-இல் மில் வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி போடுவார்கள். வீட்டுக்கு வீடு சைக்கிள், தீபாவளிக்கு போனஸ், காதில் சங்குச் சத்தம். அந்த மில்லைத்தான் நான் அவனுக்குச் சொன்னேன். அவன் படிப்பை விட்டுச் சேர்ந்தான். 2001-இல் மில்லை மூடினார்கள். எனக்கு வயசு 49, கையில் ஏதோ கொடுத்தார்கள், மகள் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்தாள், சமாளித்தேன். அவனுக்கு 24 வயசு. சர்வீஸும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. திருப்பூருக்குப் போய் நிட்டிங் மெஷின் வேலையை அடியிலிருந்து கற்றுக்கொண்டு, பத்து வருஷம் பட்டுத்தான் மேலே வந்தான். இன்றைக்கும் போன் போட்டு "பெரியப்பா, சாப்டீங்களா?" என்று கேட்கிறான். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதை அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் மரங்களின் எல்லைக்கு வந்துவிட்டோம். பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் ஏறினாள். பிறகு திரும்பிப் பார்த்து, அவள் தமிழில் சொன்னாள்: "அப்புச்சி, நீங்க தப்பாச் சொல்லல. டைம் சொல்ல மறந்துட்டீங்க. '1973-ல நான் போனப்ப வழி இப்படி இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்கணும். அந்த லேடியும் 'நான் ஒம்பது மணிக்குப் பாத்தேன்'னு சொல்லியிருந்தா உங்க கை ஒடிஞ்சிருக்காது."

நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கத்தான் என்று அவள் நினைத்திருப்பாள்.

அந்த இடத்துக்கு மேல் போக முடியவில்லை. நிழலில் சாய்ந்து கிடந்த பெரும்பாறை ஒன்று ஈரமாக மின்னியது. கழியால் தட்டினேன், கிண்ணென்றது. கண்ணாடித்தாள் கனத்துக்கு ஐஸ். பார்வைக்கு வெறும் ஈரம் மாதிரியே இருக்கும், அதுதான் அதன் சூது. இவளிடம் ஷூவில் மாட்டும் பல் சங்கிலி, மைக்ரோஸ்பைக்ஸ் என்பார்கள், ஒரு ஜோடி இருந்தது. என்னிடம் இல்லை. "நீ மட்டும் போய்ட்டு வா கண்ணு" என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். சேர்ந்து போனால் சேர்ந்தேதான். மணி 11.40. இன்னும் அரைமணியில் வெயில் இந்தப் பக்கம் திரும்பும் என்று சூரியனைப் பார்த்துச் சொன்னாள். காத்திருந்தோம். ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிடுவது என்றும் பேசிக்கொண்டோம்.

காத்திருந்த நேரத்தில் பாறையைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்குக் கோடுகள், கோழி கிளறிவிட்டுப் போன மாதிரி. சில்லிமனைட் என்றாள். கடலடிச் சேறாக இருந்தது, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு புதைந்து, வெந்து, நசுங்கிப் பாறையான கதையைச் சொன்னாள். இந்த ஊர்க்காரர்கள் அதை வான்கோழிக் காலடி என்பார்களாம். 14 தடவை அந்தக் கோடுகளின்மேல் கால் வைத்து ஏறியிருக்கிறேன். ஒருதரமும் குனிந்து பார்த்ததில்லை. அவள் பேசும்போது முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

பன்னிரண்டரைக்குப் பாறை காய்ந்துவிட்டது. தட்டிப் பார்த்துத்தான் ஏறினோம்.

மொனாட்நாக் உச்சி மொட்டைப் பாறை. இவ்வளவு குறைந்த உயரத்தில் மரம் இல்லாமல் இருக்க நியாயமில்லை. முன்பு அங்கே அடர்ந்த காடு இருந்திருக்கிறது. மேய்ச்சல் நிலத்துக்காகத் தீ வைத்தார்கள். சாய்ந்து கிடந்த மரங்களுக்குள் ஓநாய்கள் ஒளிந்துகொண்டு ஆட்டைப் பிடிக்கின்றன என்று 1820 வாக்கில் விவசாயிகள் மறுபடியும் கொளுத்தினார்கள். மரம் போக, வேர் போக, மழையில் மண்ணும் போய்விட்டது. 200 வருஷமாகியும் மண் திரும்பவில்லை. அந்த மொட்டையால்தான் நாலு பக்கமும் பார்வை விரிகிறது, தெளிந்த நாளில் பாஸ்டன் கட்டடங்கள் தெரிகின்றன, அதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். கொளுத்தியவர்களைத் திட்டுவதா, கும்பிடுவதா? எனக்குத் தெரியவில்லை. அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம், இனி ஓநாய்ப் பயமில்லை என்று நிம்மதியாகச் சொல்லியிருப்பார்கள்.

காற்றுக்கு ஒதுங்கி எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபின், அவள் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சது 1973-லிருந்து 2001 வரைக்கும் ஒரு மில். அதுல நான் பாத்தது இவ்வளவுதான்: மில்லு மூடுனப்ப, மெஷினைக் கழட்டி மாட்டறது பிடிச்சுப் போய்ச் செஞ்சவன் வேற எடத்துல பொழைச்சுக்கிட்டான். சம்பளத்துக்காக மட்டும் நின்னவன் ரொம்பக் கஷ்டப்பட்டான். ஜியாலஜில சோறு கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. அதை இப்ப அந்த வழில போய்ட்டு இருக்கறவங்களக் கேளு. ஒருத்தர் இல்ல, நாலு பேரக் கேளு. எப்பப் போனீங்கன்னும் கேளு." அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள். என்ன முடிவெடுத்தாள் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் அம்மா என்னிடம் கோபமாக இருக்கிறாள்.

இறக்கத்தில் ஆட்டத்தைக் குறைத்து, பக்கவாட்டில் கால் வைத்து, மெதுவாக வந்தோம். ஏறும்போது மூச்சு எச்சரிக்கும். இறங்கும்போது எச்சரிக்க ஒன்றுமில்லை, முழங்கால் சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். மூன்று மணி சுமாருக்கு ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் ஏறி வந்தது. அப்பா, அம்மா, ஐந்து வயதில் ஒரு பையன். பையனுக்குப் பருத்தியில் தொப்பி வைத்த ஸ்வெட்டர், இடுப்பில் வாட்டர் பாட்டில். அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார், மேலே எப்படி இருக்கிறது என்று. நான் பேத்தியைப் பார்த்தேன்.

அவள் சொன்னாள்: பாறை காய்ந்திருக்கிறது, ஆனால் அது ஒரு மணிக்கு நாங்கள் பார்த்தது. காலையில் அங்கே ஐஸ் இருந்தது, நிழல் விழுந்தால் மறுபடி உறையலாம். இங்கிருந்து உச்சிக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, நடுவில் காத்திருந்ததைச் சேர்க்காமல். ஆறு மணிக்குள் சூரியன் மறையும். உங்களிடம் டார்ச் இருக்கிறதா?

அவர் சிரித்தார், போனைத் தூக்கிக் காட்டினார். நன்றி சொன்னார். அந்த அம்மா எங்களையும் மேலே போகும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூவரும் மேலே நடந்தார்கள். பையனின் சிவப்பு ஸ்வெட்டர் மரங்களுக்கிடையில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

அடிவாரத்துக்கு வந்து, ஷூவைக் கழற்றி, உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இலையுதிர் காலத்தில் தரை உறையும்வரை அதன் தொல்லை உண்டு. வீட்டம்மா சுக்குக்காபியை ஊற்றிக் கொடுத்தார். "கெளம்பலாங்களா?" என்றார். நான் கொஞ்சம் பொறு என்றேன். காரணம் கேட்கவில்லை. 2015-இல் இதே இடத்தில் என் பக்கத்தில் இருந்தவர் அவர்.

நாலு மணி ஆனது. நாலேகால். நிறுத்துமிடத்தில் கார்கள் குறைந்துகொண்டே வந்தன. பேத்தி கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே உட்காராமல், பாதை முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்கு மரங்களுக்கிடையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அப்பாவின் தோள்மேல் பையன், கையில் ஒரு பெரிய மேப்பிள் இலை.

வீட்டம்மா பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார்.